நாற்பது பேருக்கு நான் போட்ட கையெழுத்து

1

பெயரைச் சொன்னாலும் ஊரில் யாருக்கும் தெரியாத ஓர் ஆங்கிலேயச் சிறு நகரத்தில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். முதியோர் இல்லத்தில் வேலை. மதியம் ஒரு மணிக்கு அரைமணி நேர ஓய்வு தருவார்கள். அந்த நேரத்தில் இலங்கையில் மாலையாகி, நமுனுகுலப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து நிறுத்து முடிந்து, பெண்கள் லயத்துக்கு, தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, திரும்பியிருப்பார்கள். அதனால் யோகா அக்கா என்னைக் கூப்பிடுவதென்றால் அந்த அரைமணியில்தான் கூப்பிடுவார்.

யோகா அக்கா எனக்குச் சொந்தமில்லை. எங்கள் லயத்தில் அடுத்த காம்பராக்காரர், சுவருக்கு அந்தப் பக்கத்து வீடு. தோட்டத்துப் பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தின் தலைவி. சங்கத்துக்கு ஒரு மாவு மில் இருக்கிறது. மிளகாய், மல்லி, குரக்கன் என்கிற கேழ்வரகு எல்லாம் அரைத்துப் பொதி கட்டிப் பதுளை நகரக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். மெஷின் வாங்கிக் கொடுத்தது இங்கே நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்னத் தொண்டு அமைப்பு. அதனால் மில் ஓடினால் எனக்கும் கொஞ்சம் தலை நிமிரும்.

அக்கா கூப்பிட்டால் முதலில் என் மகளைத்தான் விசாரிப்பார். புள்ள தமிழ் பேசுதா, சோறு தின்னுதா என்று கேட்டு, நான் சொல்வதை நம்பாமல் சிரிப்பார். இரண்டு மாதம் முன்பு ஒரு செவ்வாய்க்கிழமை அந்த விசாரிப்பு இல்லை.

"கலா, சங்கம் பதியிறதுக்கு மொதமொதல்ல ஒரு ஃபோரம் குடுத்தமே. அதுல இருக்க கையெழுத்தெல்லாம் யாரு போட்டது, ஞாபகம் இருக்கா?"

கையில் இருந்த சாப்பாட்டுப் பெட்டியை மூடி வைத்தேன். ஞாபகம் இல்லாமல் என்ன? அத்தனையும் போட்டது நான்தான்.

2

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். அப்போது நான் பிள்ளைக்காம்பராவில் டீச்சர். தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுப் போகும் இடம் அது.

தோட்டத்தில் எங்கள் பிரிவான டிவிசனில் ஆறு லயம். எந்தப் பொதுக் காரியமென்றாலும் லயத்துக்கு ஒரு ஆள் வருவது வழக்கம். கோயில் கூட்டமா, தோட்ட மேலாளரான துரையிடம் கூரைத் தகரம் கேட்கப் போவதா, ஆறு பேர் வந்துவிட்டால் தோட்டமே வந்ததாக அர்த்தம். வந்தவர் கேட்டுக்கொண்டு போய், மாலையில் பீலியடியில் விஷயத்தைப் போடுவார். பீலி என்றால் மலைத் தண்ணீர் வந்து விழும் இடம். குளிக்கவோ துவைக்கவோ சண்டை போடவோ எல்லோரும் அங்கே வந்தே ஆகவேண்டும். ஒருத்தி முகத்தைச் சுளித்தாலும் பேச்சு அன்றைக்கு முடியாது; மறுநாள் வாளியோடு வந்து திரும்பப் பேசுவார்கள். எல்லோரும் சரி என்ற பிறகுதான் அந்த ஆள் மறுபடி போய், "எங்க லயம் சரிங்குது" என்பார். இதைவிட ஒழுங்கான வாக்கெடுப்பை நான் இந்த நாட்டிலும் இன்னும் பார்க்கவில்லை.

சங்கம் தொடங்குவதற்கும் அப்படித்தான் ஒத்துக்கொண்டார்கள். பீலியடியில் பத்து நாளுக்கு மேல் பேச்சு இழுத்தது. கடைசியில் நாற்பது பெண்கள் சரி என்றார்கள். என்னோடு நாற்பத்தொன்று.

பிறகு பதிவுப் படிவமான அந்த ஃபோரம் வந்தது. அங்கத்தவர் ஒவ்வொருவரும் கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் பதுளைக் கூட்டுறவு ஆபிசில் கொடுக்க வேண்டும் என்றார்கள். அது கொழுந்து கூடிய காலம். மலையை விட்டு இறங்கினால் அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது சம்பளம் இல்லை. லயத்துக்கு ஒரு ஆள் என்று ஆறு பேர் பிள்ளைக்காம்பராவுக்கு வந்தார்கள். அவர்கள் பெயர் சொல்லச் சொல்ல நான் கையெழுத்துப் போட்டேன். யாருக்கும் அதில் தப்பு ஒன்றும் தோன்றவில்லை. வாய்ச் சொல் வந்தாயிற்று, எழுதத் தெரிந்தவள் எழுதுகிறாள், அவ்வளவுதானே என்று இருந்தோம்.

அதோடு நிறுத்தியிருந்தால் இன்று இவ்வளவு கூசாது. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் ஆபிசில் கேள்வி வரும் என்று மூன்று பேனா எடுத்துக்கொண்டேன். ஒன்றைச் சாய்த்துப் போட்டேன், இன்னொன்றைக் கோழி கிளறின மாதிரி போட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வழக்கம் எது, கள்ளம் எது என்று இப்போது யாராவது கேட்டால், அந்த மூன்று பேனாவில்தான் அது மாறியது என்று சொல்வேன்.

3

இத்தனை வருடம் யாரும் திறக்காத ஃபைலை ஏன் திறந்தார்கள் என்று நீங்கள் கேட்கலாம். திறக்கச் சொல்லிப் போய் நின்றது நாங்களேதான்.

போன மழையில் மில்லுக்குப் பின்னால் மண் சரிந்து சுவர் வெடித்துவிட்டது. வேறு இடத்தில் ஒரு துண்டு நிலம் கேட்டுச் சங்கம் மனுக் கொடுத்தது. மனு போனால் ஃபைல் வரும். ஃபைலைப் பார்த்த அதிகாரி புதியவர், இளம் வயது, சிங்களவர், நிதானமாகத் தமிழ் பேசுகிறவராம். முத்தம்மா, செல்லாயி என்று இரண்டு பேர் மற்ற எல்லாப் பத்திரத்திலும் பெருவிரல் ரேகை வைத்திருக்க, ஆரம்ப ஃபோரத்தில் மட்டும் அழகாகக் கையெழுத்துப் போட்டிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு ஒவ்வொன்றாகப் பார்த்திருக்கிறார்.

முன்பென்றால் இதற்கு ஒரு வழி இருந்தது. தொழிற்சங்கத் தலைவர் ஒருவரைப் பிடித்தால் அவர் ஆபிசுக்கு ஒரு போன் போடுவார், ஃபைல் அலுமாரிக்குள் போய்விடும். பதிலுக்கு மேடையில் அவருக்கு மாலை போட வேண்டும், மில் வாசலில் அவர் படம் தொங்க வேண்டும். யோகா அக்கா அதற்குக் கடைசிவரை மசியவில்லை. எங்களுக்குத் துணை நிற்க எந்தத் தலையும் வேண்டாம் என்று வைராக்கியமாகச் சங்கத்தை நடத்தியவர். ஆட்சி மாறியபோது அதிகம் சந்தோஷப்பட்டவரும் அவர்தான். இனி யாருக்கும் மாலை போட வேண்டியதில்லை, எல்லாம் சட்டப்படி நடக்கும் என்றார். நானும் இங்கே இருந்துகொண்டு தலையாட்டினேன்.

இப்போது எல்லாம் சட்டப்படிதான் நடக்கிறது. சிபாரிசு செல்லாது. அந்த அதிகாரி ஒரு கோப்பைத் தேநீர்கூட வாங்கிக் குடிக்கவில்லையாம். கெட்டவனாக இருந்தால் திட்டவாவது செய்யலாம். ஆரம்பக் கையெழுத்துகள் பொய்யென்றால் இப்படி ஒரு சங்கம் பிறக்கவே இல்லை என்று ஆகும், பதிவு ரத்தாகும், பொய்ப் பத்திரம் கொடுத்ததற்குத் தலைவி மேல் வழக்கும் வரலாம் என்று மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். விசாரணை முடியும்வரை மில்லுக்குச் சீல் வைத்துவிட்டார்கள்.

4

முதல் விசாரணைக்கு அங்கத்தவர் அனைவரும் நேரில் வரவேண்டும் என்று கடிதம் வந்தது. இனி வருவதை ஊர்க்காரர்கள் நம்புவார்கள், மற்றவர்கள் நம்பமாட்டார்கள். பதுளைக்குப் போனது ஆறு பேர். லயத்துக்கு ஒரு ஆள். மிச்சப் பெண்களின் அடையாள அட்டைகளை ஒரு துணிப்பையில் போட்டு எடுத்துப் போயிருக்கிறார்கள்.

எல்லோரும் எங்கே என்று அதிகாரி கேட்டார். எல்லாரும் வந்திருக்கோம் சார் என்று பையை மேசையில் வைத்தார்களாம். அவர் பையைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், பிறகு எல்லோரும் நேரில் வர வேறொரு தேதி எழுதிக் கொடுத்தாராம். யோகா அக்கா இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. அக்கா சிரிக்கவில்லை.

இரண்டாம் விசாரணைக்கு உண்மையிலேயே நாற்பது பேரும் போனார்கள். ஆரம்பித்தவர்களில் நாலு பேர் இப்போது உயிரோடு இல்லை. அவர்கள் இடத்தில் மகள்மாரும் மருமகள்மாரும். ஒரு நாள் பேரை விட்டு, இரண்டு பஸ் மாறிப் போய், வராந்தாவில் வரிசையாக நின்றிருக்கிறார்கள். இந்தக் கையெழுத்துகளைப் போட்டது யார் என்று அதிகாரி கேட்டார். இரண்டாம் தரம் கேட்டபோது யோகா அக்கா முன்னால் வந்து, "நான்தாங்க போட்டேன்" என்றாராம்.

அவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் அக்கா பக்கம் தள்ளி, ஏதாவது மூன்று பெயரை எழுதிக் காட்டச் சொன்னார். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றவர். தன் பெயரை மட்டும் ஒவ்வோர் எழுத்தாக, உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதுவார். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்க அவர் அந்தத் தாளோடு எவ்வளவு நேரம் போராடினார் என்று எனக்குச் சொல்லவில்லை. மூன்றாவது லயத்து சாந்திதான் பிறகு சொன்னாள். ஒரு பெயர்கூட முடியவில்லையாம். தாளில் வியர்வை விழுந்து மை கரைந்ததாம்.

அதிகாரி தாளை வாங்கி ஃபைலில் வைத்துவிட்டு, அடுத்த தடவை உண்மையைக் கொண்டு வாருங்கள் அம்மா என்றாராம்.

5

இதெல்லாம் நடக்கும்போது இங்கே என் மேசையில் இன்னொரு ஃபோரம் இருந்தது. பிரிட்டிஷ் குடியுரிமைக்கான விண்ணப்பம். நாங்கள் இங்கே நிரந்தரமாக இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. ஆனாலும் தினமும் செய்தியில் யாராவது ஒருவர் வந்து, வந்தேறிகளுக்கான சட்டத்தை இறுக்கப்போகிறோம் என்கிறார். எங்கள் தெருவில் விளக்குக் கம்பத்திலெல்லாம் இங்கிலாந்துக் கொடி கட்டியிருக்கிறார்கள். சனிக்கிழமைகளில் நான் உதவிக்குப் போகும் சமூகச் சமையலறையில், சாப்பிட வருகிறவர்களில் எத்தனை பேர் இந்த ஊர்க்காரர் என்று புதிதாகக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். பருப்புக் கறி பரிமாறும்போது யாரையும் எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை. இப்போது கேட்டு எழுத ஒரு தாளும் பேனாவும் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளை நான் இதுவரை தொடவில்லை.

என் விண்ணப்பத்தில் ஒரு கேள்வி உண்டு. உன் நன்னடத்தையைச் சந்தேகிக்கும்படியான எதையாவது எப்போதாவது செய்திருக்கிறாயா என்ற பொருளில் கேட்டிருப்பார்கள். இல்லை என்ற கட்டத்தில் புள்ளடி போட்டாகிவிட்டது. அனுப்பவேண்டியது மட்டும்தான் பாக்கி.

நான்தான் போட்டேன் என்று சத்தியக் கடிதம் எழுதி அனுப்பினால் யோகா அக்கா தப்புவார். அந்தப் பெண்கள் உண்மையில் சம்மதித்தார்கள் என்பதற்கும் நான்தான் சாட்சி. ஆனால் அதை எழுதிய கையால் அந்தக் கட்டத்தில் இல்லை என்று போட முடியாது.

ஒரு வக்கீலிடம் போனேன். ஆங்கிலம் எனக்கு ஓடும், ஆனால் பதற்றத்தில் நொண்டும். நாற்பது பெண்கள் மேல் நான் கை வைத்தேன் என்ற மாதிரி ஏதோ சொல்லிவிட்டேன். அந்த அம்மா எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார். விஷயத்தை விளக்கிய பிறகு அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனாலும், இன்றைய சூழ்நிலையில் எதற்கும் உத்தரவாதம் தர முடியாது, மறைத்துப் பின்னால் தெரிந்தால் அது இன்னும் மோசம் என்றார்.

இவர், என் கணவர், சமையலறையில் நின்றபடியே எல்லாம் கேட்டுக்கொண்டார். எங்களுக்கு முன்பே இங்கே வந்து, இந்த நாட்டுக் காகிதத்துக்காகப் பதினாலு வருடம் பயந்து பயந்து வாழ்ந்தவர். போலீஸ் கார் போனால் இன்றும் ஓரமாக ஒதுங்கி நடப்பார். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"அவங்களே கேக்காதப்ப நீ எதுக்கு எழுதணும்?"

மகள் மிதுனாவுக்குப் பதினைந்து வயது. அவள் கேட்டது வேறு. பீலி, லயம் எல்லாம் அவளுக்கு விளக்கினேன். அவள் தன் அரைகுறைத் தமிழில், "அவங்க சரி சொன்னாங்க, ஓகே. பட் ஏன் மூணு பேனா, அம்மா?" என்றாள். அன்றைக்கு அவள் என் முகத்தைப் பார்க்காமலே மாடிக்குப் போனாள். சோறு ஆறிப்போனது.

6

இரண்டாம் விசாரணைக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, நான் கடிதம் எழுதப்போகிறேன் என்று யோகா அக்காவிடம் சொன்னேன். வேண்டாம் என்றார். நான் பிடிவாதம் பிடித்தேன். சரி, சங்கத்தில் வைக்கிறேன் என்று போனை வைத்துவிட்டார்.

பத்து நாள் சத்தமில்லை. பதினோராம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. ரூல் போட்ட தாள். மேலே சாந்தியின் எழுத்தில் ஒரு தீர்மானம்: சங்கத்தின் ஆரம்ப அங்கத்தவர் கலா, கையெழுத்து விஷயமாக எந்தக் கடிதமும் எழுதக் கூடாது, வருவதைச் சங்கம் பார்த்துக்கொள்ளும். கீழே நாற்பது கையெழுத்து.

பெரிதாக்கிப் பார்த்தேன். ஒன்றுபோல் இன்னொன்று இல்லை. ஒருத்தி கோட்டுக்கு மேலே ஏறியிருக்கிறாள், ஒருத்தி அடுத்தவள் இடத்தையும் பிடித்துக்கொண்டிருக்கிறாள். யாரோ அழித்து அழித்து எழுதித் தாளைக் கிழித்திருக்கிறாள். கடைசியில் முத்தம்மா, செல்லாயி. அந்த இரண்டு பேரும் மில் வாசலில் உட்கார்ந்து, மா கட்டும் காகிதப் பையில் பத்து நாளும் எழுதிப் பழகினார்களாம். முத்தம்மாவின் மெய்யெழுத்துகளுக்குப் புள்ளியே இல்லை. நான் அன்றைக்கு மூன்று பேனாவால் செய்த வித்தை முழுதும் அந்தத் தாளுக்கு முன்னால் எனக்கு அசிங்கமாகத் தெரிந்தது. முதியோர் இல்லத்துக் கழிவறையில் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதேன். ஓய்வு நேரம் முடிந்து இன்னும் ஐந்து நிமிஷம் அழுதேன், மேற்பார்வையாளர் வந்து கதவைத் தட்டும்வரை.

அவர்கள் எனக்காகத்தான் அப்படி எழுதினார்கள். நான் பேசாமல் இருந்தால் கணவர் நிம்மதியாகத் தூங்குவார், விண்ணப்பம் சுத்தமாகப் போகும். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். கேட்டால் காட்ட நாற்பது பேர் சம்மதித்த தாளும் இருக்கிறது. முதல் தடவையும் அவர்களுடைய சம்மதத்துக்குப் பின்னால்தான் நான் ஒளிந்துகொண்டேன். இரண்டாம் தடவையும் அப்படி ஒளிய எனக்கு மனம் வரவில்லை.

கடிதம் எழுதினேன். லயத்துக்கு ஒரு ஆள் வந்ததை எழுதினேன், பீலியடியில் பேசியதை எழுதினேன், மூன்று பேனாவையும் எழுதினேன். வக்கீல் முன்னால் சத்தியம் செய்து கையெழுத்திட்டு, பதுளை ஆபிசுக்கு அனுப்பிவிட்டேன். என் விண்ணப்பத்தில் அந்தப் புள்ளடியை நீக்கிவிட்டு, ஆம் என்ற கட்டத்தில் போட்டேன். கணவர்தான் தபாலகத்துக்குக் காரை ஓட்டி வந்தார். மிதுனா பின்சீட்டில் உட்கார்ந்து, ஆபிஸ் விலாசத்தை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்தாள்.

மறுநாள் ஓய்வு நேரத்தில் நானே அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் பீலித் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. ஏசப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அப்ப சங்கத்துத் தீர்மானத்த மீறிட்ட."

"ஆமாங்க்கா."

"சரி. தீர்மானத்துக்கு ஆதரவு நாப்பது, எதிர்ப்பு ஒண்ணுனு மினிட் புத்தகத்துல எழுதச் சொல்றேன். இது வரைக்கும் எதிர்ப்புனு ஒண்ணு எழுதுனதே இல்ல நாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "எதிர்த்தவ அந்த எடத்துல கையெழுத்துப் போடணும், கலா. ஒனக்காக இங்க யாரும் போட மாட்டாங்க. நீதான் வரணும்."

போனால் அந்த அதிகாரிக்கு முன்னால் நிற்க வேண்டும். அவர் எனக்கும் ஒரு வெள்ளைத் தாளைத் தள்ளி வைப்பார். அங்கே என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, திரும்பி வந்தால் இங்கே என்ன ஆகும் என்பதும் தெரியாது. அடுத்த விசாரணை எத்தனையாம் தேதி என்று கேட்டேன். சொன்னார். சாயங்காலம் வீட்டுக்குப் போகும்போது அந்த வாரத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.